புது ஹாரன் ஸ்பீக்கர் வருகிறதாம், காத்திருக்கலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஹோம் தியேட்டருக்கென்றே உயர்ரக ஹாரன் ஸ்பீக்கர்கள், அதாவது கூம்பு வாய் வழியாகச் சத்தத்தை வெளியே விடுபவை, ஒரு புது வரிசையாக வரப்போகின்றன என்று பேச்சு அடிபடுகிறது, கையில் பணம் சேர்ந்திருக்கிறது, கடையில் இப்போது கிடைப்பதை வாங்கிவிடலாமா, இல்லை பொறுக்கலாமா, அப்படி அந்தக் கூம்பில் என்னதான் இருக்கிறது?

நானும் காத்திருக்கிறவன்தான், அதனால் நடுநிலையான பதில் என்னிடம் கிடைக்காது. பொறுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் எதற்காகப் பொறுக்கிறோம் என்று தெரிந்து பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி வந்து இறங்கிய அன்று சாயங்காலமே முகம் தொங்கிவிடும்.

ஹாரன் என்றதும் ஏதோ வெளிநாட்டு அதிசயம் என்று நினைக்க வேண்டாம். வட ஆற்காட்டுக்காரன் எவனும் அதன் கீழே படுத்துத் தூங்கியவன்தான். என் மாமா ஒருவர் குடியாத்தம் பக்கத்தில் மைக் செட் வைத்திருந்தார். திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா என்றால் மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, இரண்டுக்கும் அவருடைய குழாய்தான். பள்ளி லீவில் நான் எடுபிடி. குழாயின் பின்னால் சத்தம் எழுப்பும் யூனிட்டைத் திருகி மாட்டுவது, புளியமரத்தில் ஏறிக் கட்டுவது, ஒயரைக் கிளையில் சுற்றிக்கொண்டே இறங்குவது. ஒருமுறை அவசரத்தில் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிக்காமல் கட்டிவிட்டேன். கீழேயிருந்து மாமா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: "டேய், கொல்லைக்குப் பாரதம் எதுக்குடா? குழாய ஊர் பக்கம் திருப்பு!"

இப்போது விலை உயர்ந்த ஸ்பீக்கர் விளம்பரங்களில் ஒலிப் பரவலைக் கட்டுப்படுத்துகிறோம், பக்கவாட்டில் இத்தனை டிகிரி, மேலும் கீழும் இத்தனை டிகிரி என்று பக்கம் பக்கமாகப் போடுகிறார்களே, அது மாமா மரத்தடியில் நின்று சொன்னதுதான். சாதாரண ட்வீட்டர், அதாவது கீச்சான ஒலிக்கென்று இருக்கும் சின்ன ஸ்பீக்கர், சத்தத்தை நாலாபுறமும் தெளிக்கும். அதில் உங்கள் காதுக்கு நேராக வருவது கொஞ்சம், சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் தாமதமாக வருவது நிறைய. வெளிநாட்டு வீடுகளில் கம்பளம், மரத்தரை, உள்ளே பஞ்சடைத்த சுவர் எல்லாம் இருப்பதால் அந்தத் தாமதச் சத்தத்தில் கொஞ்சத்தை அவையே விழுங்கிவிடும். நம் வீட்டில்? டைல்ஸ் தரை, சிமெண்டுச் சுவர், கான்கிரீட் கூரை, நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கை தட்டினால் அறை திருப்பித் தட்டும். இந்த மாதிரி அறையில் வசனம் புரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் அந்தத் தெறிப்புதான், அதனால்தான் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம், சண்டைக்காட்சி வந்ததும் ஓடிப்போய்க் குறைக்கிறோம். ஒழுங்காக வடிவமைத்த ஹாரன் சத்தத்தைச் சோபாவைப் பார்த்து அனுப்பும், சுவருக்கு அவ்வளவாகக் கொடுக்காது. என் காத்திருப்புக்கு முதல் காரணம் இதுதான், இதற்கு அடுத்தபடிதான் மற்றதெல்லாம்.

இரண்டாவது காரணம் சொந்தமாகச் சூடு பட்டது. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறையைத் தியேட்டராக மாற்றியபோது, கடைக்காரர் பேச்சைக் கேட்டு 87 டெசிபல் சென்சிடிவிட்டி (கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் எழும் என்ற அளவு) உள்ள அழகான மெல்லிய ஸ்பீக்கர்களை வாங்கினேன். ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியான ஏவி ரிசீவரில் சேனலுக்கு 100 வாட் என்று எழுதியிருந்தது, போதாதா என்று நினைத்தேன். அக்னி நட்சத்திரம் நடக்கிறது, வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வேலூரில் செய்தியே இல்லை, மொட்டை மாடியின் வெப்பம் ராத்திரி பத்து மணிக்கும் கூரை வழியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. மச்சினன் குடும்பத்தோடு வந்திருந்தான், படத்தில் முக்கியமான இடம், ரிசீவர் டக்கென்று அணைந்துபோனது. சூடு ஏறித் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டதாம். மேசை விசிறியை அதன் முதுகுக்குத் திருப்பி வைத்து மீதிப் படத்தைப் பார்த்தோம், நாங்கள் வியர்வையில்.

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சினிமாத் தரத்து அளவு என்று ஒன்று இருக்கிறது: ஒரு சேனலின் சராசரி 85 டெசிபல், அதற்கு மேல் திடீர் உச்சங்களுக்கு இன்னும் 20, ஆக 105. சென்சிடிவிட்டி என்பது ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தது. தூரம் இரட்டிக்க இரட்டிக்கத் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும், என் சோபா 4 மீட்டரில் இருக்கிறது, அப்படியானால் 12 போச்சு. 87இல் 12 போனால் 75. அங்கிருந்து 105க்கு ஏற 30 டெசிபல் வேண்டும், 10 டெசிபலுக்கு வாட் பத்து மடங்கு, ஆக 1000 வாட்! மூடிய அறை கொஞ்சம் கைகொடுக்கும், நாம் அவ்வளவு சத்தமாகக் கேட்பதும் இல்லை, சரி, 10 டெசிபல் குறைத்தே கேட்போம், அப்போதும் உச்சத்தில் 100 வாட், அதாவது என் ரிசீவரின் மொத்த உயிரும். இதே இடத்தில் 99 டெசிபல் ஹாரனை வைத்துப் பாருங்கள். முழு அளவுக்கே 63 வாட்தான். குறைத்துக் கேட்டால் 6 வாட் சொச்சம். ரிசீவர் தூங்கிக்கொண்டே வேலை செய்யும்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பாலாற்று மணலில் அக்கரையில் நிற்பவனைக் கூப்பிடக் கையை வாய்க்குக் குவித்துக்கொள்கிறோம் இல்லையா, அதே சங்கதிதான். ட்வீட்டரில் அதிர்ந்து சத்தம் எழுப்பும் தகடான டயாஃப்ரத்தோடு ஒப்பிட்டால் காற்று ரொம்ப லேசு, வெறுமனே ஆட்டினால் பிடிகொடுக்காமல் நழுவும். சாதாரண ஸ்பீக்கரில் உள்ளே போகும் மின்சாரத்தில் ஒரு சதவீதம்கூட உருப்படியாகச் சத்தமாவது சந்தேகம், மற்றதெல்லாம் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளைச் சூடாக்கப் போகிறது. கூம்பின் குறுகிய தொண்டையில் அழுத்தமாகப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, அகன்ற வாய் வழியாக வெளியே விட்டால் சைக்கிளுக்குக் கியர் போட்ட மாதிரி அந்த நழுவல் நின்றுவிடும். டயாஃப்ரம் கொஞ்சமே அசைந்தால் போதும், அசைவு குறைந்தால் பிசிறும் குறையும். தவிலில் விழும் அடி, இரும்புக் கதவு சாத்துவது, துப்பாக்கி வெடிப்பது, இதெல்லாம் ஹாரனில் முயற்சியே இல்லாமல் வந்து விழுவதாக எல்லோரும் சொல்வது இதனால்தான். ஒருமுறை கேட்டுவிட்டால் மற்ற ஸ்பீக்கரெல்லாம் தொண்டை கட்டிக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும்.

இதில் புதுசு எதுவும் இல்லை. 1920களில் பேசும்படம் வந்தபோது ஆம்ப்ளிஃபயர் கொடுத்ததே சில வாட்டுகள், அதை வைத்து ஒரு கொட்டகையை நிரப்ப ஹாரனை விட்டால் வழி கிடையாது. இன்றைக்கும் தியேட்டரில் திரைக்குப் பின்னால் நிற்பது ஹாரன்தான், திரையில் பொடிப்பொடி ஓட்டைகள் போட்டிருப்பது அதற்காகத்தான். வீட்டுக்கு என்று பார்த்தால் அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1946இல் கம்பெனி ஆரம்பித்து விற்ற கிளிப்ஷ்ஹார்ன், அறையின் மூலைச் சுவர்களையே கூம்பின் கடைசிப் பகுதியாக வைத்துக்கொள்ளும், இன்றுவரை தயாரிக்கிறார்கள். வாடகை வீட்டில் நல்ல மூலையும் கிடைத்து வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டால் நீங்கள் புண்ணியவான்.

அப்படியானால் கோயில் குழாய் ஏன் காதைக் கிழிக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள், "மாடியில மாரியம்மன் கோயில் வைக்கப் போறீங்களா?" என்று. அந்தக் குழாய் பேச்சு தூரமாகக் கேட்கச் செய்தது, கிட்டத்தட்ட 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் எதுவும் வராது, போதாக்குறைக்கு ஆம்ப்பை முழுசாகத் திருப்பிவைத்து உச்சங்கள் வெட்டுப்பட்டுப் பிசிறடிக்கும் ஒலியை உள்ளே அனுப்புவார்கள். பழி கூம்பின் மேல் விழுகிறது. ஆனால் முழுப் பொய்யும் இல்லை. மட்டமான வடிவமைப்பில் வீட்டு ஹாரனும் மூக்கால் பேசும், அதிலும் பெண்குரலில் அது உடனே தெரிந்துவிடும்.

இனி, புது மாடலின் விவரத்தாள் வெளிவந்ததும் எங்கே பார்க்க வேண்டும் என்பது. ஹாரன் ஸ்பீக்கர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் பெரும்பாலும் ட்வீட்டர் மட்டும்தான் கூம்பில் இருக்கும், கீழே பேஸுக்கென்று, அதாவது தாழ்ந்த ஒலிக்கென்று இருக்கும் ஊஃபர் சாதாரணப் பெட்டிதான். அது ஏமாற்று என்று சொல்லவில்லை, காரணம் இருக்கிறது: 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் எட்டரை மீட்டர், அதற்கு நேர்மையாக ஒரு கூம்பு கட்டினால் அறைக்குள் ஸ்பீக்கர் இருக்காது, ஸ்பீக்கருக்குள்தான் அறை இருக்கும். ஆகவே பேஸை சப் ஊஃபரிடம் விட்டுவிட்டு, நடுவில் குரல் வாழும் பகுதி, சுமார் 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை, கூம்பிலிருந்து வருகிறதா என்று கிராஸ்ஓவர் எண்ணை, அதாவது எந்த ஹெர்ட்ஸில் ஊஃபர் விட்டுக் கூம்பு எடுத்துக்கொள்கிறது என்பதை, பாருங்கள். கிராஸ்ஓவர் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்தால் வசனத்தின் பெரும்பகுதி சாதாரண ஊஃபரிலிருந்துதான் வரப்போகிறது, பிறகு எதற்கு இந்த விலை?

சென்சிடிவிட்டி எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். சிலர் அறைக்குள் வைத்து அளந்த கணக்கைப் போடுவார்கள், எதிரொலி இல்லாத கூடத்தில் அளந்தால் அதில் மூன்று நான்கு டெசிபல் காணாமல் போகும். ஒரு வாட் என்பதற்குப் பதிலாக 2.83 வோல்ட் என்று போட்டு (8 ஓம் ஸ்பீக்கருக்குத்தான் அது ஒரு வாட்) 4 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் உள்ளே போனது ஒரு வாட் இல்லை, இரண்டு வாட், அதிலும் 3 டெசிபல் கழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சென்சிடிவிட்டி கூடினால் ரிசீவரின் உள்ளிரைச்சலும் சேர்ந்து கேட்கும். படம் ஓடாதபோது "உஸ்" என்று ஒரு சத்தம் வந்தால் பதற வேண்டாம், ஸ்பீக்கரில் பழுது இல்லை.

கேட்காமல் மட்டும் வாங்காதீர்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்னை, டெமோ அறை வைத்திருக்கும் கடைகள் அங்கே இருக்கின்றன, உங்களுக்கு வரிவரியாகத் தெரிந்த ஒரு படத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அவர்கள் போட்டுக்காட்டும் ஹெலிகாப்டர் காட்சியில் எந்த ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொள்ளும் காட்சியைப் போடச் சொல்லுங்கள். நடுவில் உட்கார்ந்து ஒருமுறை, ஓரத்தில் உட்கார்ந்து ஒருமுறை கேளுங்கள், ஏனென்றால் ஓரத்தில் உட்காரப் போவது உங்கள் வீட்டார்.

காத்திருக்கும் நாட்களை நான் அறைக்குச் செலவழிக்கிறேன். கனத்த திரைச்சீலை, ஒரு ஜமக்காளம், பின்சுவரில் புத்தக அலமாரி, மொத்தமே சில ஆயிரம்தான் ஆனது, இருக்கிற 87 டெசிபல் ஸ்பீக்கரே வசனத்தைத் தெளிவாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டது, கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. ரிசீவரை மூடிய அலமாரியிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். இந்த ரக ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றும் 40, 50 கிலோ இருக்கும் என்பதால் மாடிப்படித் திருப்பத்தை டேப் வைத்து அளந்துவிட்டேன், கம்பிக்கதவை ஒரு நாளைக்குக் கழற்ற வேண்டியிருக்கும். உத்தேச அளவில் இரண்டு அட்டைப்பெட்டிகளை ஒட்டி ஸ்பீக்கர் வரவேண்டிய இடத்தில் நிறுத்தியும் வைத்திருக்கிறேன், கண்ணுக்குப் பழகட்டும் என்று. முதல் வாரம் வீட்டில் முறைத்தார்கள். இப்போது இடதுபக்கப் பெட்டியின் மேல் இஸ்திரி போட வேண்டிய துணி இருக்கிறது, வலதுபக்கப் பெட்டிக்கு மணிபிளாண்ட் வந்துவிட்டது. ஸ்பீக்கர் வரும்போது அதை எங்கே நகர்த்துவது என்றுதான் இப்போது பேச்சு நடக்கிறது.