கண்ணுக்குத் தெளிவு, படத்தில் மங்கல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தனுஷ்கோடியில் பூநாரைகளை ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஸ்டாண்டில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) வழியாகச் செல்போனில் படமெடுக்கிறேன். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது, படமோ மங்கல். எனக்குக் கிட்டப்பார்வை, மைனஸ் 3. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் ஃபோகஸ் செய்கிறேன். கோளாறு ஸ்கோப்பிலா, போனிலா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: இரண்டிலும் இல்லை. கண்ணாடி இல்லாமல் ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பும்போது அது உங்கள் பவரையும் சேர்த்து ஈடுகட்டிவிடுகிறது. மைனஸ் 3 கண்ணுக்குச் சரிசெய்த ஸ்கோப், பிம்பத்தைச் சுமார் 33 செ.மீ. தொலைவில் கொண்டுவந்து வைக்கும். போனின் ஆட்டோஃபோகஸ் அந்தத் தொலைவுக்கு இறங்கி வந்தால் படம் தேறும்; இன்ஃபினிட்டியிலேயே, அதாவது வெகுதொலைவுக்கான ஃபோகஸிலேயே, நின்றுவிட்டால் மங்கல்தான். பிளஸ் பவர்காரர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். வெறுங்கண்ணால் அவர்கள் வைக்கும் ஃபோகஸ் இன்ஃபினிட்டிக்கும் அப்பால் போய்விடும். போன் அதை எட்டிப் பிடிக்காது. சிலிண்டர் பவரை (சிதறல் பார்வைக்கான பவர்) எந்தச் சக்கரமும் சரிசெய்யாது.

எனவே கண்ணாடியோடே பாருங்கள். ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் பகுதி) ரப்பர் வளையத்தை முழுதும் இறக்கிவிடுங்கள். ஐ ரிலீஃப், அதாவது முழுக் காட்சியும் தெரிய ஐபீஸிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம், 15 மி.மீ.க்குக் குறைவென்றால் காட்சியின் ஓரம் வெட்டுப்படும். 18, 20 இருந்தால் நிம்மதி. ஸ்கோப் வாங்கும்போது கேட்க வேண்டிய எண் இதுதான். கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் 60 எக்ஸ் (60 மடங்கு பெருக்கம்) அல்ல.

படமெடுக்கையில் சூமை 20 எக்ஸில் வையுங்கள். முன் லென்ஸ் 80 மி.மீ. அகலமுள்ள ஸ்கோப்பில் அப்போது 4 மி.மீ. அகல ஒளிக்கற்றை வெளிவரும். 60 எக்ஸில் அது 1.3தான், படம் இருண்டுவிடும். போனை மாட்டும் முன்பே தொலைவிலுள்ள ஏதாவதொன்றில் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். பிறகு மாட்டி, திரையைப் பார்த்தபடி ஸ்கோப் சக்கரத்தால் மட்டும் கூர்மையாக்குங்கள். கூர்மை வந்ததும் சற்றுத் தாண்டிப்போய்த் திரும்பி வந்தால் சரியான இடம் பிடிபடும். பூநாரை தலையை ஆட்டிக்கொண்டே மேயும். அதற்குப் பதில் ஏறக்குறைய அதே தொலைவில் நிற்கும் படகின் பதிவு எண்ணில் பழகுவது சுலபம். சூமை மாற்றினால் மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள்.

படத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்தால் போன் லென்ஸ் ஐபீஸிலிருந்து சரியான தூரத்தில் இல்லை. ரப்பர் வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். கண்ணாடிக்குப் பொருந்திய உயரம் போனுக்கும் பொருந்தும் என்பதில்லை.

கேள்வி: பைஃபோகல் போட்டிருக்கிறேன். என் ஸ்கோப்பின் ஐபீஸ் 45 டிகிரி சாய்ந்தது. ஒருபோதும் ஒரே மாதிரி ஃபோகஸ் வருவதில்லையே?
– வாசகர், மண்டபம்

பதில்: குனிந்து பார்க்கும்போது கண் கீழ்த்துண்டுக்கு, அதாவது வாசிக்கும் பவருக்கு நழுவுகிறது. ஸ்டாண்டைத் தாழ்த்தி, முகத்தையும் ஐபீஸின் சாய்வுக்கே குனிந்து, மேல்பகுதி வழியாகப் பாருங்கள். கீழ்த்துண்டு போன் திரைக்கு. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வேண்டாம். போனைத் திருப்பும் கோணத்தைப் பொறுத்துத் திரை கறுத்துவிடும்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தும் வெயில் ஏறியதும் படம் நெளிகிறதே?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: அது கானல். சூடான மணலுக்கு மேல் காற்று அலைவதை ஃபோகஸால் வெல்ல முடியாது. விடிந்ததும் எடுங்கள், அல்லது பறவைக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறையுங்கள். லென்ஸில் உப்புச்சாரல் படிந்திருந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், பூச்சு கீறிப்போகும். நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் முதலில் உப்பைக் கரைத்தெடுங்கள். மூக்குக்கண்ணாடிக்கும் இதே வைத்தியம்தான்.