சுத்திகரித்த கழிவுநீர் ஆற்று நுண்ணுயிர்களை என்ன செய்யும்?

சென்னை நெசப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகுதானே அடையாற்றில் விடுகிறார்கள், அப்புறம் என்ன பாதிப்பு என்று கேட்கிறீர்கள். சுத்திகரிப்பு முக்கியமாகக் குறைப்பது கரிமக் கழிவையும் மிதக்கும் திடப்பொருளையும்தான். நைட்ரஜன், பாஸ்பரஸ் ஓரளவு தங்கிவிடும். அதைத் தின்று வேகமாகப் பெருகும் பாக்டீரியாக்கள் வண்டலிலும் கல்லின் வழுவழுப்புப் படலத்திலும் இடம் பிடிக்கும். தெளிந்த நீருக்குப் பழகிய இனங்கள் குறையும்.

எனக்குக் கவலை வேறு: நாம் விழுங்கும் ஆன்டிபயாட்டிக்கின் மிச்சமும், அந்த மருந்தை எதிர்த்துப் பிழைக்க பாக்டீரியாவுக்கு உதவும் மரபணுக்களும். வழக்கமான நிலையங்கள் இவற்றை நீக்குவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. குளோரினில் கிருமி செத்தாலும் அதன் டிஎன்ஏ முழுசாக அழிவதில்லை. இன்னொரு பாக்டீரியா, வேறு இனமாகவே இருந்தாலும், அதை எடுத்துக்கொள்ளலாம். கோடையில் வேறு நீர்வரத்து குறைவு, நீர்த்துப்போகவும் வழியில்லை.

சரி, அடையாற்றில் சுத்திகரிக்காத சாக்கடையும் கலக்கிறது. எல்லாப் பழியையும் நிலையத்தின் மேல் போட முடியாது.