புரூஃப் ரீடர் பதில்கள்: சுட்டது யார், சுவரொட்டியில் இருந்தது என்ன?

கேள்வி: 1967இல் எம்.ஜி.ஆரை நடிகர் எம்.ஆர். ராதா சுட்டார் என்கிறார் தாத்தா. பெரியப்பாவோ, “முதலில் சுட்டது எம்.ஜி.ஆர்.தான், பத்திரிகைகள் மறைத்துவிட்டன” என்று அடித்துச் சொல்கிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் இதே சண்டைதான். யார் சொல்வது சரி, ஐயா?
(கல்லூரி மாணவர், திருக்கோவிலூர்)

பதில்: தாத்தா பக்கம்தான் தீர்ப்பு இருக்கிறது, தம்பி. 1967 ஜனவரி 12, மாலை நேரம், ராமாவரம் தோட்டத்து வீடு. அறையில் மூன்று பேர்: எம்.ஜி.ஆர்., ராதா, ‘பெற்றால்தான் பிள்ளையா’ படத்தைத் தயாரித்த கே.கே. வாசு. எம்.ஜி.ஆருக்கு இடது காதருகே குண்டு பாய்ந்தது. ராதா உடம்பிலும் குண்டுக் காயம். இருவரையும் முதலில் ராயப்பேட்டை மருத்துவமனைக்கும் பிறகு பொது மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். எம்.ஜி.ஆரைச் சுட்டுவிட்டு ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார் என்றது அரசுத் தரப்பு. எம்.ஜி.ஆர்.தான் தன்னைச் சுட்டார் என்றது ராதா தரப்பு. வாசுவின் சாட்சியம் ராதாவுக்கு எதிராகப் போயிற்று. செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் ராதாவுக்கு ஏழு ஆண்டு தண்டனை கொடுத்தது, மேல்முறையீட்டில் அது குறைந்தது.

ஆக, பெரியப்பா சொல்வது அவராகக் கட்டிய கதை இல்லை. கோர்ட்டில் சொல்லப்பட்டு, கோர்ட் ஏற்காத கதை. மறைத்துவிட்டார்கள் என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த வாதம் பத்திரிகையில் வந்ததால்தானே ஊரில் அத்தனை பேர் வாயிலும் இருந்தது?

ஆனால் பத்திரிகைத் தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நான் மதுரையில் ஒரு நாளிதழில் 31 வருடம் புரூஃப் பார்த்தவன். வழக்கு நடக்கும்போது ‘சுட்டார்’ என்று எழுதக் கூடாது, ‘சுட்டதாகக் கூறப்படுகிறது’ என்றுதான் போட வேண்டும் என்பது எங்கள் பால பாடம். தலைப்பில் அவ்வளவு எழுத்துக்கு இடம் இருக்காது. ‘சுடப்பட்டார்’ என்றோ ‘துப்பாக்கிச் சூடு’ என்றோ முடித்துவிடுவோம். சுட்டது யார் என்று அந்த வார்த்தையில் இல்லை பாருங்கள். ஆள் இல்லாத அந்த இடத்தில் அவரவருக்குப் பிடிக்காதவரை உட்கார வைத்துக்கொள்வது வாசகருக்குச் சுலபம். தீர்ப்பு நவம்பரில்தான் வந்தது. அதற்குள் பத்து மாதம் ஊர் பேசி முடித்திருந்தது.

கேள்வி: அந்த நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உங்கள் நினைவில் இருப்பதை எழுதுங்களேன்.
(இல்லத்தரசி, பழனி)

பதில்: எழுதுகிறேன் அம்மா, ஆனால் நம்பாதீர்கள். எனக்கு அப்போது பத்து வயது, திண்டுக்கல்லில் ஐந்தாம் வகுப்பு. மறுநாள் போகி. எங்கள் தெரு முனையில் ஒரு சலூன், அதன் கண்ணாடியைச் சுற்றி எம்.ஜி.ஆர். படங்கள். காலையில் கடை திறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, இருபது பேர் சுற்றி நின்றார்கள். ஒரு பாட்டி, “போயிட்டாராமே” என்று மாரில் அடித்துக்கொண்டார். போயிட்டார் என்று பேப்பரில் இல்லை, பாட்டி காதில் அப்படி விழுந்திருக்கிறது. அந்தப் பேப்பரின் முதல் பக்கத்தில் கழுத்தில் கட்டுப்போட்டு எம்.ஜி.ஆர். கைகூப்பியிருக்கும் படத்தை நான் பார்த்தேன். எங்கள் அம்மா போகி நெருப்பில் பழைய பாயைப் போடும்போது அந்தப் பேப்பர் என் கையில் இருந்தது. இதை நாற்பது வருடம் எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

அப்புறம் ஓய்வு பெறும் சமயத்தில், வேறு எதற்கோ பழைய இதழ்க் கட்டுகளைப் புரட்டியபோது 1967 ஜனவரி தொகுதி கையில் வந்தது. ஆசையோடு 13ஆம் தேதியைத் திறந்தேன். அந்தப் படம் இல்லை. எப்படி இருக்கும்? முந்தின மாலை சுடப்பட்டு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தவர் விடிவதற்குள் கைகூப்பிப் படத்துக்கு உட்கார்ந்திருப்பாரா? நான் பார்த்தது அடுத்த மாதம் நடந்த சட்டமன்றத் தேர்தலுக்கு தி.மு.க. ஒட்டிய சுவரொட்டி. அதைக் கொண்டுபோய்ப் போகிப் புகைக்குள் செருகிவிட்டேன். புரூஃப் பார்ப்பதே பிழைப்பாக இருந்தவனுக்கு இது நடந்திருக்கிறது.

கூடப் படித்த நண்பனிடம் சொன்னேன். “படம் போகட்டும், கைகூப்பியும் இல்லைடா, வெறும் கட்டு மட்டும்தான்” என்றான். அதிலிருந்து இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

கேள்வி: அந்த ஒரு சுவரொட்டிதானே காங்கிரஸைக் கவிழ்த்தது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்)

பதில்: உங்கள் ஊர்க்காரர் கேட்கும் கேள்வியா இது, சார்? அந்தத் தேர்தலில் காமராஜரே விருதுநகரில் 1,285 வாக்கில் தோற்றார், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம். அதற்குக் காரணம் ராமாவரத்துக் குண்டா, 1965 இந்தி எதிர்ப்பா? அரிசிக்கு மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று அண்ணா மேடைக்கு மேடை சொன்னார். ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் தி.மு.க. கூட்டணியில் இருந்தது. பறங்கிமலையில் எம்.ஜி.ஆர். தொகுதிப் பக்கமே போகாமல் ஜெயித்ததற்கு வேண்டுமானால் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு கொடுக்கலாம். 234 தொகுதிக்கும் கொடுக்க முடியாது. அரிசி வரிசையை யாரும் சுவரொட்டியாக மாட்டி வைக்கவில்லை, அதனால் பேச்சில் படம் மட்டும் நின்றுவிட்டது என்று நினைக்கிறேன்.

ராதா பெரியார் தொண்டர். பெரியார் அப்போது காமராஜரை ஆதரித்தவர். அதனால் துப்பாக்கிச் சூட்டுக்குக் கட்சிச் சாயம் பூசுவது மிகச் சுலபமாக இருந்தது. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: எம்.ஜி.ஆர். குரல் மாறியது குண்டினால்தானா?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: ஆமாம். ‘காவல்காரன்’ படம் அந்தச் சூட்டுக்குப் பிறகு, அதே 1967இல் வந்தது. காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம். இந்த ஒன்றில் மட்டும் எங்கள் தெருவில் இரண்டு கட்சி கிடையாது.

கேள்வி: விடுதலையான பின் ராதா அந்தச் சம்பவத்தைப் பற்றி மேடையில் அடித்த ஜோக்கை என் மாமா நேரில் கேட்டாராம். உங்களுக்குத் தெரியுமா?
(வாசகி, பெரம்பலூர்)

பதில்: தெரியும், எனக்கு ஆறு ஜோக் தெரியும். ஆறையும் சொன்னவர்கள் நேரில் கேட்டவர்கள்தான்! ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தில் அன்றன்றைய செய்தியை இழுத்துக் கிண்டலடிப்பது ராதாவின் வழக்கம். அதனால் ஊருக்கு ஒன்று சொல்லியிருக்கவும் வாய்ப்பு உண்டு. மாமா சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள், ஏழாவதாகச் சேர்த்துக்கொள்கிறேன். ராதா 1979 செப்டம்பர் 17 அன்று திருச்சியில் காலமானார். பெரியார் பிறந்த நாள் அது. எம்.ஜி.ஆர். அப்போது முதலமைச்சர். இந்தத் தேதிப் பொருத்தத்தை நான் சொன்னால் பலர் கதை என்கிறார்கள், ஜோக்குகளை நம்புகிறார்கள்.

கேள்வி: எங்கள் பரணில் அந்தக் கட்டுப்போட்ட சுவரொட்டி ஒன்று, நான்காக மடித்தது, கிடைத்திருக்கிறது. அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?
(மளிகைக் கடைக்காரர், ஆத்தூர்)

பதில்: பிரிக்கும்போது மடிப்பில் கிழிந்துவிடும், அவசரப்படாதீர்கள். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கிறதா பாருங்கள். தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் போட வேண்டும் என்ற சட்டம் அப்போதே உண்டு. பெயர் இல்லை என்றால் பின்னால் யாராவது நினைவுக்காக அடித்ததாக இருக்கலாம். பார்த்துவிட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்கள். அப்படியே, கை கூப்பியிருக்கிறாரா இல்லையா என்பதையும் ஒரு வரி. நண்பனுக்கு இந்த மாதம் எழுபது நிறைகிறது, நேரில் போகலாம் என்றிருக்கிறேன்.