பிஞ்சு முதல் கொட்டை வரை: பலா சமையல் கேள்வி-பதில்

கேள்வி: பலாப்பிஞ்சை நறுக்கினால் பால் பிசுபிசுக்கிறது, துண்டுகளும் கறுத்துவிடுகின்றன. என்ன செய்வது?

பதில்: கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொண்டு, வெட்டிய இடத்தில் வடியும் பாலைப் பழந்துணியால் துடைத்தெடுத்த பிறகே தோலைச் சீவுங்கள். சீவிய துண்டுகளை உடனுக்குடன் மஞ்சள்தூள் கலந்த மோரில் போட்டுவிட்டால் கறுக்காது. இத்தகைய இளம்பிஞ்சு கிடைத்தால், குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் செய்யும் இடிச்சக்கைத் துவரனைத்தான் (இடித்த பலாப்பிஞ்சுப் பொரியல்) முதலில் பரிந்துரைப்பேன். துண்டுகளை உப்பும் மஞ்சளும் சேர்த்துக் குழையாமல் வேகவைத்து, நீரை வடித்து, உரலில் இட்டு நார்நாராகப் பிரியும்வரை மெல்ல இடிக்க வேண்டும். பிறகு கடுகு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாயைக் கொரகொரப்பாக அரைத்தெடுத்த அரைப்பையும் சேர்த்துக் கிளறினால் போதும். மிக்சியில் இடிப்பதானால் ஒரே சுற்றில் நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் கூடினாலும் விழுதாகிவிடும்.

கேள்வி: சிப்ஸ் சிவந்துவிடுகிறது, ஆனால் மொறுமொறுப்பு வரவில்லையே?

பதில்: இனிப்பு ஏறத் தொடங்கிய காயை வாங்கியிருப்பீர்கள். சுளையில் சர்க்கரை கூடிவிட்டால், ஈரம் வற்றுவதற்குள் நிறம் ஏறிவிடும். நன்கு விளைந்து, இன்னும் பழுக்காத வருக்கைக் காயே (சுளை கெட்டியாக இருக்கும் பலா வகை) சிப்ஸுக்கு ஏற்றது.

கேள்வி: பலாப்பழப் பாயசத்தில் பால் சேர்த்ததும் திரிந்துவிடுகிறது.

பதில்: வெல்லத்திலும் பழத்திலும் உள்ள புளிப்பு, கொதிக்கும் பசும்பாலைத் திரித்துவிடும். ஆகவே கேரளத்துப் பலாப்பழப் பாயசமான சக்கைப் பிரதமனில் செய்வதுபோல் தேங்காய்ப்பாலுக்கு மாறுங்கள். வெந்து மசித்த சுளையை வெல்லப்பாகிலும் நெய்யிலும் கெட்டியாக வரட்டி, இரண்டாம் பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பின்னரே முதற்பாலைச் சேர்க்க வேண்டும். முதற்பால் கொதித்தால் எண்ணெய் பிரிந்து மணம் கெடும். சுக்குப்பொடியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பலாவின் திகட்டலை அடக்குவது அதுதான்.

கேள்வி: குழைவான கூழன் பழத்தை என்ன செய்யலாம்?

பதில்: நாரை வடிகட்டி நீக்கிவிட்டு, அரிசிமாவு, வெல்லம், தேங்காய்த்துருவலோடு பிசைந்து, வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவையுங்கள். வருக்கையைவிட இதற்குக் கூழனே மேல்.

கேள்வி: சாம்பாரில் போட்ட பலாக்கொட்டை வேகவே இல்லை!

பதில்: புளித்தண்ணீரில் கொட்டை எளிதில் மசியாது, எனவே தனியாக வேகவைத்த பிறகே சேருங்கள். வெள்ளைத் தோலை உரித்தால் போதும், உள்ளிருக்கும் பழுப்புத் தோலை முழுவதும் சுரண்ட வேண்டியதில்லை. தணலில் சுடுவதானால் ஒவ்வொரு கொட்டையையும் கீறிவிட்டே போடுங்கள். கீறாதது வெடித்துத் தெறிக்கும்.