மதியத்தை மாற்றச் சொல்லுங்கள்

அன்புள்ள அக்கா,

டல்லஸிலிருந்து எழுதுகிறேன். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அடுத்து மருத்துவம் படிக்கும் எண்ணம். இந்தக் கோடையில் குவாத்தமாலாவில் ஆன்ட்டிகுவா என்ற ஊருக்கு ஆறு வாரம் போகிறேன் என்கிறாள். கல்லூரியே நடத்தும் திட்டம். காலையில் ஸ்பானிஷும் மத்திய அமெரிக்க வரலாறும், மதியம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் சேவை. இரண்டுக்கும் சேர்த்து, பட்டப்படிப்பில் கணக்காகும் கிரெடிட் உண்டு. செலவும் கொஞ்சமில்லை. "காசு கட்டிச் செய்வதெல்லாம் ஒரு சேவையா, இது சுற்றுலா" என்று என் கணவர் சொன்னதில் அவள் அழுதுவிட்டாள். சேவைதான் வேண்டுமென்றால் திருநெல்வேலியில் பாட்டி வீட்டில் தங்கிச் செய்யட்டுமே என்று எனக்கும் தோன்றுகிறது. அனுப்பலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

அனுப்புங்கள். ஆனால் அந்த மதிய வேலையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். குழந்தைகள் இல்லம் வேண்டாம்.

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. வீட்டைப் பிரிந்து வந்த ஒரு பிள்ளை, அன்பாகப் பேசும் அக்கா ஒருத்தியோடு ஒட்டிக்கொள்ளும், ஆறு வாரத்தில் அவள் போய்விடுவாள், அடுத்த குழுவோடு இன்னொருத்தி வருவாள், அந்தப் பிள்ளை மறுபடி ஒட்டும், மறுபடி பிரியும், ஆங்கிலமும் ஒவ்வொரு முறையும் ஏபிசிடியிலிருந்து தொடங்கும். இதைவிடக் கசப்பான பக்கமும் உண்டு. உலகெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்து விடுகிறது. வெளிநாட்டு விருந்தினரும் நன்கொடையும் தொடர்ந்து வரும் இடங்களில், இல்லத்துக்காகப் பிள்ளைகளைத் தேடிப்போகும் நிலை கம்போடியாவிலும் நேபாளத்திலும் வந்தது. ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது இதுவும் விவாதத்துக்கு வந்தது. குவாத்தமாலாவுக்கு இதில் தனிக் காயமே உண்டு. 2006, 2007-ல் ஆண்டுக்கு 4,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கிருந்து அமெரிக்காவுக்குத் தத்துப் போனார்கள். போலி ஆவணம், குழந்தைக் கடத்தல் என்று புகார்கள் குவிந்த பிறகுதான் அந்த வழி மூடப்பட்டது.

உங்கள் மகளுக்குச் சொல்லப்பட்டிருக்கும் இல்லம் தப்பானது என்று நான் சொல்லவில்லை. நல்ல இல்லமாகவே இருக்கட்டும். நல்ல இல்லம் என்றால், மொழி தெரியாமல் வந்து ஆறு வாரத்தில் கிளம்பிவிடும் ஒருவரைப் பிள்ளைகளோடு நெருங்கிப் பழக விடவே யோசிக்கும்.

சரி, பிறகு எதற்கு அனுப்பச் சொல்கிறேன்? காலை வகுப்புகளுக்காக.

ஆன்ட்டிகுவா 1773 நிலநடுக்கம் வரை அந்த வட்டாரத்தின் தலைநகர். மூன்று எரிமலைகளுக்கு நடுவில் இருக்கிறது. இடிந்த தேவாலயங்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. ஸ்பானிஷ் கற்கப் பல பத்தாண்டுகளாக உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வரும் ஊர். அங்கே வழக்கமான முறை, ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர். முற்றத்தில் சின்ன மேசை போட்டு எதிரெதிரே உட்கார்ந்து நான்கு மணி நேரம் பேச வேண்டும். பின்வரிசையில் போய் ஒளிந்துகொள்ள முடியாது. தங்குவது பெரும்பாலும் ஓர் உள்ளூர்க் குடும்பத்தோடு, சாப்பாட்டு மேசையிலும் அதே பாஷை. அடிப்படை கொஞ்சம் இருந்தால் ஆறு வாரத்தில் நன்றாகவே பேச வரும். நீங்கள் கட்டும் பணத்தில் ஆசிரியருக்கும் அந்த வீட்டுக்கும் போவது உழைப்புக்கான கூலி. அதனால் படிப்புக்குக் காசு கட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். சேவைக்குக் காசு என்பதில் அவர் சந்தேகம் நியாயம்தான்.

அங்கே பிரான்சிஸ்கோ மாரோக்கின் பெயரில் ஒரு மொழி நிறுவனம் இருக்கிறது. 1970-களில், அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாயா இளைஞர்களையே மொழியியலாளர்களாகப் பயிற்றுவித்து, அவர்கள் தங்கள் தாய்மொழிகளுக்குத் தாங்களே அகராதி செய்ய வழி பண்ணியது. வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்து வந்த வருமானம் இந்த வேலைக்கு உதவியது. படிக்க வந்தவர் படித்துவிட்டுப் போனார், அந்தக் காசில் ஒரு மொழிக்கு அகராதி கிடைத்தது! எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். குவாத்தமாலாவில் இருபதுக்கும் மேற்பட்ட மாயா மொழிகள் பேசப்படுகின்றன, ஆன்ட்டிகுவாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் கக்சிக்கேல். அங்குள்ள பாட்டிமார் பலருக்கு ஸ்பானிஷும் பின்னால் கற்ற மொழிதான்.

வரலாற்று வகுப்பை அவள் எக்காரணம் கொண்டும் தவறவிடக் கூடாது. நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்த அதிபர் ஹகோபோ ஆர்பென்ஸை 1954-ல் அமெரிக்க உளவுத்துறை முன்னின்று கவிழ்த்தது. அவர் எடுத்துக்கொண்ட தரிசு நிலத்தில் கணிசமான பகுதி ஓர் அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியுடையது. 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். ஏறத்தாழ 2,00,000 பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஐநா துணையோடு அமைந்த உண்மை அறியும் ஆணையம் 1999-ல் தந்த அறிக்கையின்படி, அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள், பெரும்பாலான கொடுமைகளைச் செய்தது அரசுத் தரப்பு. அமெரிக்க பாஸ்போர்ட்டோடு மாயா கிராமத்துக்குள் போகும் பெண் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். தெரியாமல், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிக்கிறேன் என்று கையில் பெயின்ட் டப்பாவோடு போவது அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

இவான் இலிச் என்ற பாதிரியார் 1968-ல் அமெரிக்க மாணவர்கள் முன்னால் பேசினார். கோடையில் மெக்சிகோ கிராமங்களுக்குச் சேவைக்குப் போகும் அமைப்பைச் சேர்ந்தவர்கள் அவர்கள். மெக்சிகோவின் குவெர்நவாகாவில் ஸ்பானிஷ் கற்பிக்கும் மையம் ஒன்றை நடத்தியவர் அவர். அப்படிப்பட்டவர், பாருங்கள், மலை ஏறுங்கள், படிக்க வாருங்கள், ஆனால் உதவி செய்கிறேன் என்று மட்டும் வராதீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். அவர் வாதத்தில் என்னைத் தைத்த இடம் மொழி பற்றியது. ஊர்க்காரர்கள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்றுகூடப் புரியாத ஒருவர், அந்த ஊரின் மேல் போய் விழுவது அநியாயம் என்றார். உதவியே கூடாது என்ற அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. உள்ளூர்க்காரர் கேட்ட வேலையை, அவர் கண்முன்னால், அவர் சொன்ன விதத்தில் செய்வதில் தப்பில்லை.

அப்படியான மதியங்கள் கிடைக்கும். மருத்துவம் படிக்க நினைக்கும் பெண் என்கிறீர்கள். ஏதாவது சமூக மருத்துவமனையில் பதிவேடு எழுதலாம், உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளரோடு வீடு வீடாகப் போய் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கலாம். (நோயாளி மேல் கை வைக்கும் வேலையை யார் கொடுத்தாலும் மறுத்துவிட வேண்டும், டல்லஸில் அவளுக்கு அனுமதி இல்லாதது அங்கேயும் இல்லை.) நன்கொடையாளருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஆளில்லாமல் தவிக்கும் உள்ளூர் அமைப்புகள் உண்டு, அதையும் செய்யலாம். புகைப்படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது, பரவாயில்லை.

திருநெல்வேலி யோசனை நல்லதுதான், ஆனால் இதற்குப் பதிலாக வேண்டாம். உங்கள் டெக்சாஸில் ஐந்தில் இரண்டு பேர் லத்தீன் அமெரிக்க வழியினர். அங்கே மருத்துவராகப் போகிறவளுக்கு ஸ்பானிஷ் வந்தால், இந்த ஆறு வாரத்தின் பலன் முப்பது வருடம் நோயாளிகளுக்குப் போய்ச் சேரும். பாட்டி வீட்டுக்கு அவள் பாட்டிக்காகவே போகட்டும். நம் பக்கம் படிக்க வருவதென்றால் கோத்தகிரியில் கார்னெல் பல்கலைக்கழகமும் கீஸ்டோன் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் திட்டம் பற்றிப் படித்துப் பாருங்கள். 2015-ல் தொடங்கியது. அது ஒரு பருவம் முழுக்க நடக்கும் படிப்பு. அமெரிக்க மாணவர்களும் நீலகிரிப் பழங்குடி இளைஞர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, சேர்ந்து கள ஆய்வு செய்கிறார்கள். யாரும் யாருக்கும் சேவை செய்ய வந்தவர் இல்லை. நான் பார்த்த ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் மனத்துக்கு உகந்தது இதுதான்.

இப்போது செய்ய வேண்டியது, மகளையே திட்ட அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுத வேண்டாம். மதிய வேலையை யார் கேட்டார்கள், அங்கே அவளுக்குப் பொறுப்பான உள்ளூர் ஆள் யார், அவள் கட்டும் தொகையில் அந்த அமைப்புக்கு எவ்வளவு போகிறது, குழந்தைகள் இல்லத்துக்குப் பதில் வேறு இடம் தருவார்களா என்று கேட்கட்டும். இடங்களை ஒதுக்கி முடித்துவிட்டால் மாற்றுவது கஷ்டம், அதனால் இந்த வாரமே. ஒழுங்கான பதில் வரவில்லை என்றால், ஆன்ட்டிகுவாவில் வாரக்கணக்கில் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் நிறைய இருக்கின்றன, செலவும் குறையும். கிரெடிட்டுக்கு மட்டும் கிளம்பும் முன்பே அவளுடைய துறையில் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும்.