வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை: கேள்வி பதில்

தமிழ்நாடு அரசு 2006 முதல் வழங்கிவரும் உதவித்தொகை குறித்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: பி.ஏ. முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு எவ்வளவு கிடைக்கும்?

பதில்: பதிவு இடையில் காலாவதியாகாமல் ஐந்து ஆண்டுகள் நிறைவடைந்திருந்து, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாமல் இருந்தால், பட்டதாரியான உங்களுக்கு மாதம் 600 ரூபாய் கிடைக்கும். மேல்நிலைத் தேர்ச்சிக்கு 400, பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 300, அதில் தேர்ச்சி பெறாதவர்களுக்கு 200 ரூபாய். தொகை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சேரும். மூன்று ஆண்டுகள் வரை பெறலாம். வயது வரம்பு 40. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. இன்றைய விலைவாசியில் 600 ரூபாய் மிகக் குறைவு என்பதே என் உறுதியான கருத்து. ஆனாலும் உரிமையுள்ளவர்கள் அதைக் கேட்டுப் பெறாமல் விடக் கூடாது.

கேள்வி: உதவித்தொகை வாங்கினால் பதிவுமூப்பு, அதாவது முன்பே பதிவு செய்ததால் கிடைக்கும் முன்னுரிமை, போய்விடும் என்கிறார்களே?

பதில்: போகாது. பதிவுமூப்பை இழக்கச் செய்வது, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கத் தவறுவதுதான். அரசு அவ்வப்போது சிறப்புப் புதுப்பித்தல் சலுகை அறிவிப்பது உண்டு என்றாலும், அதை நம்பி இருந்துவிடாதீர்கள். உதவித்தொகை பெறுபவர்கள் ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் அளிப்பதும் கட்டாயம்.

கேள்வி: நான் பொறியியல் பட்டதாரி. விண்ணப்பிக்கலாமா?

பதில்: இயலாது. பொறியியல், மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இத்திட்டம் இல்லை.

கேள்வி: என் தம்பி செவித்திறன் குறையுடையவர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். அவரும் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிவு செய்து ஓராண்டு நிறைவடைந்தால் போதும். வருமான வரம்பும் இல்லை. அவருக்கு மாதம் 750 ரூபாய், பத்து ஆண்டுகள் வரை கிடைக்கும்.

கேள்வி: பதிவு செய்து பல ஆண்டுகளாகியும் ஒரு நேர்காணல் அழைப்புக்கூட வரவில்லையே, ஏன்?

பதில்: இந்த வேதனையைப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். 1959ஆம் ஆண்டுச் சட்டம், காலிப் பணியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியதே தவிர, அலுவலகம் பரிந்துரைப்பவர்களையே நியமிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அலுவலகப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல், பொது விளம்பரம் மூலமும் விண்ணப்பங்களைப் பெற வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழக அரசுப் பணிகள் பலவும் தேர்வாணையத்தின் போட்டித் தேர்வுகள் வழியாகவே நிரப்பப்படுகின்றன. ஆகவே பதிவு அட்டையை உயிர்ப்போடு வைத்துக்கொண்டு, அதே அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்காக நடக்கும் இலவசப் பயிற்சி வகுப்பில் சேருங்கள். அங்கு நடக்கும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் செல்லுங்கள். தனியார் நிறுவனத்தில் வேலை கிடைத்தால் உதவித்தொகை நின்றுவிடும் என்றாலும், 600 ரூபாய்க்காக ஒரு வேலையைத் தட்டிக்கழிப்பது சரியன்று.