பக்கவாத்தியம் இல்லாத கச்சேரியா?

கேள்வி: ஒரே ஆள் மேடையில் நின்று தொண்டையால் தவில் மாதிரி முழங்குகிறார், வண்டு மாதிரி ரீங்கரிக்கிறார். அதைக் காலடிப் பெடலில் பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் பாடுகிறார். பக்கவாத்தியமே இல்லாத இதைக் கச்சேரி என்பதா? – வாசகர், வெள்ளவத்தை

பதில்: பக்கவாத்தியத்திலிருந்தே தொடங்குகிறேன். கொழும்பில் அச்சாகும் அரங்கேற்ற அழைப்பிதழ்களைப் பாருங்கள். பிள்ளையின் படம் முழுப்பக்கம், பிரதம விருந்தினருக்குக் கொட்டை எழுத்து, மிருதங்கக்காரர் பெயர் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில். மிருதங்கக்காரர் தனியே வாசித்துக் காட்டும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி மண்டபம் எழுந்துபோய் வடையும் தேத்தண்ணியுமாக நிற்கிறது. பலமுறை எழுதிவிட்டேன், மாறும்வரை எழுதுவேன்.

சரி, பெடலுக்கு வருவோம். ஒருமுறை மிதித்தால் பதிவு தொடங்கும். மறுபடி மிதித்தால் அந்தத் துண்டு சுழலத் தொடங்கும். அந்த இரண்டாம் மிதி ஒரு நூல் பிந்தினாலும் தாளம் நொண்டும். நொண்டியபடியே ஒவ்வொரு சுற்றும் வரும். பாடகர் அரை அட்சரம் தவறினால் நல்ல மிருதங்கக்காரர் சமாளித்துச் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், சேர்த்துவிடுவார். பெடல் சேர்க்காது. காப்பாற்ற ஆளில்லாமல் பாடுகிறவருக்கு லயம் இரத்தத்தில் ஊறியிருக்க வேண்டும்.

தொண்டை வித்தை என்றும் ஒதுக்கமுடியாது. தவில் படிக்கிற பிள்ளை கையால் அடிக்கமுன் வாயால்தான் சொல்லிப் பழகுகிறது. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கொண்டாடும் நாம், அதே சொற்கட்டை வாயால் பேசும் கொன்னக்கோலை மேடையிலிருந்து இறக்கிவிட்டோம். கொன்னக்கோல் வித்துவான் மன்னார்குடி பக்கிரியாப் பிள்ளை காலத்தில் அதற்குக் கச்சேரியில் தனி இடம் இருந்தது. ரீங்காரமும் புதிதல்ல. சைபீரியாவின் துவாவில் மந்தை மேய்க்கிறவர்கள் ஒரே தொண்டையில் அடியில் ஒரு சுருதியும் மேலே சீட்டி மாதிரி இன்னொன்றும் எழுப்புகிறார்கள். பெடலுக்கும் மூதாதை உண்டு: 1973இல் வந்த இசைத்தட்டு ஒன்றில் ஆங்கிலேய இசைக்கலைஞர்களான ராபர்ட் ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் இரண்டு டேப் ரெக்கோடர்களுக்கிடையே ஒரே நாடாவை ஓடவிட்டுக் கிற்றார் ஒலியை அடுக்கினார்கள்.

ஆகவே கச்சேரிதான். எனக்குள்ள குறை வேறு. இந்த முறையில் பாடுகிறவர்கள் பலர் அடுக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். ஆறேழு குரல் ஏறி மண்டபம் நிறைந்ததும் பாட்டு முடிகிறது. அப்புறம் எங்கே போவது என்று யோசித்திருப்பதில்லை. ஒவ்வொரு குரலாக இறக்கி ஒற்றைக் குரலுக்குத் திரும்பத் தெரிந்தவரையே நான் உட்கார்ந்து கேட்பேன்.

அப்புறம் அந்த அழைப்பிதழ் விஷயம். பக்கவாத்தியக்காரர் பெயரை ஆடுகிற, பாடுகிற பிள்ளையின் பெயருக்குச் சமமான எழுத்தில் போடாத அரங்கேற்றங்களுக்கு அடுத்த இதழிலிருந்து நாங்கள் விமர்சனம் எழுதமாட்டோம்.